வீடு புதுப்பிக்கும் குத்தகையாளர் போனை எடுக்கவில்லை

கே: பினாங்கு ரைபிள் ரேஞ்ச் அடுக்குமாடியில் அப்பாவின் ஒடுக்கமான வீடு. ஹாலையும் படுக்கையறையையும் ஒன்றாக்க நடுச்சுவரை ஒரே நாளில் இடித்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார். செய்யலாமா?

ப: கூடாது. 1960களில், தொழிற்சாலையில் வார்த்த கான்கிரீட் பலகைகளைப் பொருத்தி எழுப்பிய கட்டடம் அது. சுவரே மேல்வீட்டைத் தாங்கிக்கொண்டிருக்கலாம். பொறியாளர் கையெழுத்திட்ட வரைபடத்தை அவரிடம் கேளுங்கள், அப்புறம் ஆள் வரமாட்டார். கதவைக் கழற்றிவிட்டுத் திரை போட்டாலே வீடு பாதி திறந்துவிடும்.

கே: செந்தூலில் இருக்கிறேன், கணவர் இல்லை. சமையலறையை ஹாலோடு சேர்க்க 28,000 வெள்ளி (ரிங்கிட்) பேசி, 20,000 கொடுத்துவிட்டேன். பாதிச் சுவரை இடித்துப்போட்டுப் போனவர் இரண்டு மாதமாகப் போனை எடுக்கவில்லை. எல்லாம் வாட்ஸ்அப்பில் பேசியதுதான்.

ப: மனம் தளராதீர்கள் அம்மா, வாட்ஸ்அப் பேச்சும் சாட்சிதான். மலேசியப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரை கோரலாம். கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் வேண்டாம், மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும். தீர்ப்பை 14 நாளில் நிறைவேற்றாவிட்டால் அது குற்றம். வங்கி ரசீது, இடிந்த சுவரின் படங்கள், அவருடைய நிறுவனப் பதிவு எண், முகவரி எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள்.

மற்றவர்களுக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். வேலை தொடங்குமுன் முக்கால் பணத்தைக் கொடுப்பதை எந்தச் சாமி சொல்லிக்கொடுத்தது? "மொத்தம் இவ்வளவு" என்று ஒரே வரியில் எழுதிய தாளை விலைப்பட்டியல் என்று வாங்காதீர்கள். இடிப்பது தனி, குப்பையை லோரியில் ஏற்றுவது தனி, வயரிங் தனி, நீர்க்கசிவுத் தடுப்பு தனி என்று எழுதி வாங்குங்கள். பேசும்போது "எல்லாம் சேர்த்துத்தான்" என்பார்கள், குப்பை மூட்டை வாசலை அடைத்ததும் "அது வேறு" என்பார்கள். ஒவ்வொரு கட்டமும் முடிந்த பிறகு பணம், கடைசிப் பங்கு குழாயைத் திறந்து பார்த்த பிறகு. பணமும் நிறுவனக் கணக்குக்கே போகட்டும், மச்சான் கணக்குக்கு அல்ல.

கே: இணையத்தில் 799 வெள்ளிக்குக் கட்டிலாக மாறும் சோபா. சின்ன வீட்டுக்கு ஏற்றதா?

ப: என்னிடம் ஒன்று இருக்கிறது. பகலில் சோபா, இரவிலும் சோபா, கீல் இறுகிவிட்டது. கடைக்குப் போய் நீங்களே நாலு முறை மடக்கி விரித்து, படுத்துப் பார்த்து வாங்குங்கள்.

கே: வாங்கிய அலமாரி லிஃப்டுக்குள் போகவில்லை. அளவு விளம்பரத்தில் இருந்தது, நான் கவனிக்கவில்லை. பணம் திரும்பக் கேட்கலாமா?

ப: கேட்கலாம், கிடைக்காது.

கே: மேல்வீட்டார் குளியலறையைப் புதுப்பித்ததிலிருந்து என் கூரையில் நீர் சொட்டுகிறது. நிர்வாகம் "பார்க்கிறோம்" என்கிறது.

ப: பார்த்தே ஆக வேண்டும். அடுக்குமாடி நிர்வாகத்துக்கான 2015 ஸ்ட்ராத்தா ஒழுங்குமுறைப்படி, புகார் கிடைத்த 7 நாளுக்குள் நிர்வாகம் வந்து சோதிக்க வேண்டும். வேறு காரணம் நிரூபணமாகும் வரை கசிவு மேல்வீட்டிலிருந்து வருவதாகவே கொள்ளப்படும். அலுவலக வாசலில் நின்று சொன்னால் போதாது, எழுதிக் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.