விடியும் முன் இருக்கை பிடிப்பவர் யார்? வேட்டைக்குப் போகிறவர்களின் கேள்விகள் சில

வந்து சேர்ந்த கேள்விகளில் ஒன்றுபோல இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். எல்லாமே அனுமதி உள்ள காட்டில், அனுமதி உள்ள பருவத்தில், உரிமத்தோடு போகிறவர்களுக்கு. மற்றபடி போகிறவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை.

கேள்வி: அண்ணா, மூன்று நாள் தடம் பார்த்து ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்தேன். விடியும் முன்னே போனால் வேறொருவர் அங்கே உட்கார்ந்திருக்கிறார். இடம் யாருக்கு?

அவருக்குத்தான். பொதுக்காட்டில் தடம் பார்த்ததற்கெல்லாம் பட்டா கிடையாது. டார்ச் வெளிச்சத்தை ஒருமுறை தரையில் அடித்து, ஆள் வருகிறது என்று அவருக்குத் தெரியப்படுத்திவிட்டு, வந்த வழியே திரும்புங்கள். அப்புறம் ஐம்பது அடி தள்ளி உட்கார்ந்து "நான் விட்டுக்கொடுத்துவிட்டேன்" என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். அவர் கண்ணுக்கும் காதுக்கும் எட்டாத தூரம் போக வேண்டும், முடிந்தால் ஒரு மேட்டைத் தாண்டி.

தூரத்தைவிட முக்கியம் காற்று. மலைச்சரிவில் இரவுக் குளிர் காற்று கீழே வழிந்துகொண்டே இருக்கும், வெயில் ஏறிச் சரிவு சூடான பிறகுதான் அது மேலே திரும்பும். இது தெரிந்தும் நான் ஒருமுறை சோம்பேறித்தனமாக ஒருவருக்கு நேர் மேலே போய் உட்கார்ந்தேன். காலை முழுக்க ஒரு மான்கூட வரவில்லை. ஒன்பது மணிக்கு அவர் மேலே ஏறி வந்தார், திட்டவில்லை. காற்று பார்க்கிற பவுடர் குப்பியை எடுத்து என்னிடம், "காலையிலே இதைப் பார்த்தீங்களா?" என்று மட்டும் கேட்டார். பார்க்கவில்லை. அடுத்த நாள் விடியும் முன்னே அதே இடத்துக்குப் போய் நானே ஒரு குப்பியை அழுத்திப் பார்த்தேன். வெள்ளைத் தூள் என் முழங்காலைத் தாண்டி, சரிவில் இறங்கி, அவர் உட்கார்ந்திருந்த மரத்தடிக்கே நூல் பிடித்த மாதிரி போனது.

கேள்வி: யாரோ கட்டிய பரண். ஆள் இல்லை. ஏறலாமா?

வேண்டாம். கட்டியவர் விடியும் நேரத்தில் வந்து நின்றால், இருட்டில் துப்பாக்கி வைத்திருக்கிற இரண்டு பேர் வழக்குப் பேச வேண்டியிருக்கும். அதோடு அந்தப் பரணைக் கட்டியிருக்கிற நாடா எத்தனை வெயிலில் காய்ந்து இற்றுப் போயிருக்கிறதோ, உங்களுக்குத் தெரியாது.

கேள்வி: நான் சுட்ட மான் ஓடியது, அடுத்த சரிவில் இருந்தவர் சுட்டு வீழ்த்திவிட்டார். மான் யாருடையது?

சில இடங்களில் இதற்குச் சட்டமே உண்டு, அங்கே அதுதான் முடிவு. மற்ற இடங்களில் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளப்படும் வழக்கம் இதுதான்: எந்தக் காயம் முதலில் அதைக் கொன்றிருக்குமோ, அந்தக் காயத்துக்குரியவர்.

பேசத் தொடங்கும் முன்னே இருவரும் துப்பாக்கியிலிருந்து தோட்டாவை வெளியே எடுத்துவிடுங்கள், அதன் பிறகுதான் மற்றதெல்லாம். பிறகு சேர்ந்தே தடத்தைப் பின்னோக்கி நடங்கள். ரத்தம் இளஞ்சிவப்பாக, நுரை குமிழியோடு இலைமேல் இருந்தால் நுரையீரலில் பட்டிருக்கிறது. எப்படியும் அது கொஞ்ச தூரத்தில் விழுந்திருக்கும், உங்கள் மான் என்று சொல்ல நியாயம் உண்டு. பச்சையும் பழுப்புமாகக் குடல் நாற்றம் அடித்தால், பல மணி நேரம் வேதனையோடு நடந்திருக்கும். அதை முடித்துவைத்தவருக்கு நன்றி சொல்லிவிட்டு நகர்வதுதான் மரியாதை. எங்கோ காலில் உரசியதற்கு உரிமை கேட்காதீர்கள்.

சந்தேகம் என்றால் கொடுத்துவிடுங்கள். நானும் ஒரு நல்ல கொம்பை அப்படிக் கொடுத்திருக்கிறேன். இரண்டு நாள் மனசு கேட்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: அம்பு பட்ட மான் வேலி தாண்டித் தனியார் நிலத்துக்குள் போய்விட்டது. பின்னாலேயே போகலாமா?

கேட்காமல் போகாதீர்கள். எப்படியும் உடனே துரத்தக்கூடாது: நுரையீரலில் பட்டிருந்தாலும் அரைமணி, கல்லீரல் என்றால் நான்கு மணி நேரமாவது, குடல் என்றால் எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் விட வேண்டும். அந்த நேரத்தில் நிலக்காரர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். கடைசியாக ரத்தம் பார்த்த இடத்தில் ஒரு டிஷ்யூ காகிதம் தொங்கவிடுங்கள், திரும்பும்போது எடுத்துவிடுங்கள். அவர் மறுத்தால் வனத்துறையிடம் சொல்லுங்கள், வேலி ஏறாதீர்கள்.

கேள்வி: பளீர் ஆரஞ்சுச் சட்டை போட்டால் மான் கண்டுகொள்ளாதா?

அது நமக்குத்தான் பளீர். மானின் கண்ணில் சிவப்பைப் பிரித்தறிகிற செல் இல்லை, ஆரஞ்சு அதற்கு மங்கிய நிறமாகத்தான் தெரியும். நீலம்தான் அதற்கு நன்றாகத் தெரியும். துணியைப் பளபளப்பாக்கும் சலவைத்தூளில் துவைத்தால் அது மானின் கண்ணுக்கு நீலமாக மின்னும், அதுதான் வம்பு.

கேள்வி: வான்கோழி வேட்டையில் நான் குரல் கொடுத்துக்கொண்டிருக்கிறேன், அதை நிஜக் கோழி என்று நினைத்து ஒருவர் பதுங்கி வருகிறார். கை ஆட்டலாமா?

ஐயோ, கூடாது! புதருக்குப் பின்னால் ஏதோ அசைகிறது என்பதுதான் அவருக்குத் தெரியும். கோழிக் குரலும் கொடுக்காதீர்கள். அசையாமல், சத்தமாக, மனுஷக் குரலில் "இங்கே ஆள் இருக்கு" என்று சொல்லுங்கள். அன்றைய வேட்டை போச்சு, போகட்டும். சிவப்பு, வெள்ளை, நீலத் துணியும் வேண்டாம், ஆண் வான்கோழியின் தலை நிறம் அதுதான்.

கேள்வி: சார், கொல்லத்தானே போகிறோம், அதில் என்ன நேர்மை?

1902-இல் அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் மிசிசிப்பியில் கரடி வேட்டைக்குப் போனார். அவருக்கு ஒன்றும் கிடைக்காததால், உடன் வந்தவர்கள் ஒரு கரடியை அடித்து, மரத்தில் கட்டிப்போட்டு "சுடுங்கள்" என்றார்கள். அவர் மறுத்துவிட்டார். டெடி பொம்மைக்குப் பெயர் வந்தது இதனால்தான், இது பலருக்குத் தெரியும். பலரும் விட்டுவிடுகிற மிச்சம் ஒன்று உண்டு: கரடி படுகாயப்பட்டிருந்ததால், அதைத் துன்பப்படாமல் முடித்துவிடச் சொன்னார். எனக்கு இந்த இரண்டாவது பாதிதான் பெரிது. தப்பிக்க வழியில்லாததைச் சுடாதே என்பதோடு, காயப்பட்டதை அப்படியே விட்டுவிட்டு வராதே என்பதும் சேர்ந்ததுதான் நேர்மை. 1887-இல் அவர் நண்பர்களோடு தொடங்கிய பூன் அண்ட் கிராக்கெட் கிளப் என்ற வேட்டைக்காரர் சங்கம் இன்றும் இந்த நியாயமான துரத்தல் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறது.

கேள்வி: குடும்பத்தோடு நடக்க வந்தவர்கள் சத்தம் போட்டு என் காலையையே கெடுத்துவிட்டார்கள். என்ன சொல்வது?

வணக்கம் சொல்லுங்கள். துப்பாக்கிக் குழல் தரையைப் பார்க்கட்டும், பாதை எங்கே முடிகிறது என்று கேட்டால் வழி சொல்லுங்கள். ஒன்று மட்டும்: தூரத்தில் அசைவது யார் என்று பார்க்கத் துப்பாக்கியில் குறிபார்க்கிற தொலைநோக்கியான ஸ்கோப்பைத் தூக்கவே தூக்காதீர்கள், தோட்டா இல்லை என்றாலும். அந்தப் பக்கம் இருக்கிறவருக்குத் தெரிவது தன்னை நோக்கி நிற்கிற ஒரு குழல். பைனாகுலர் எதற்குக் கழுத்தில் தொங்குகிறது?