மரக் காருக்கு வார்னிஷ் யார் அடிக்கிறது?

இந்த வாரம் வந்த கேள்வி பாதிக்கு மேல வுட்டி பத்திதான், அதாவது பின்பக்க பாடி முழுக்க மரத்துல செஞ்ச பழைய ஸ்டேஷன் வேகன் (பின்னால சாமான் ஏத்த நீளமா எடம் விட்ட கார்). அதனால மத்த கேள்விங்கள அடுத்த வாரத்துக்குத் தள்ளிட்டேன், கோச்சுக்காதீங்க.

கேள்வி: நான் கலிபோர்னியால இருக்கேன். பக்கத்துத் தெருவுல ஒரு பெரியவர் 1947 ஃபோர்டு வுட்டி விக்கிறார். வி-8 இன்ஜின், ஓட்டிப் பாத்தேன், சூப்பரா இருக்கு. வீட்டம்மா "கரையானுக்கு வீடு வாங்கிக் குடுக்கப் போறீங்களா"ன்னு கேக்கறாங்க. வாங்கலாமா சார்?

வீட்டம்மா கேட்டதுதான் சரியான கேள்வி. நீங்க இன்ஜின்ல ஆரம்பிச்சீங்க பாருங்க, அங்கதான் எல்லாரும் ஏமாறாங்க. பிளாட்ஹெட்னு சொல்ற அந்தப் பழைய ரக வி-8 1932ல இருந்து 1953 வரைக்கும் லட்சலட்சமா போட்ட இன்ஜின், ஸ்பேர் கிடைக்கும், ரிப்பேர் பண்றவங்களும் இருக்காங்க, அது செத்தாலும் எழுப்பிடலாம். ஆனா அந்த மரம் இருக்கே, அது சும்மா அழகுக்கு ஒட்டினது இல்ல, கதவு, தூண், ஜன்னல் சட்டம், கூரையத் தாங்குற விட்டம் எல்லாமே மேப்பிள் கட்டைதான், நடுவுல பலகை. அந்த மரம் போச்சுன்னா காரே போச்சு. நீங்க வாங்கறது காரு இல்ல, முக்கால் நூற்றாண்டுக்கு மேல வெயில்ல மழையில நின்ன பீரோவுக்கு நாலு வீல் மாட்டினதுன்னு நெனச்சுக்கிட்டுப் போய்ப் பாருங்க.

போகும்போது ஒரு டார்ச், ஒரு மழுங்கின ஸ்க்ரூடிரைவர் எடுத்துக்கோங்க. கதவத் தொறந்து கீழ்ச்சட்டத்தோட அடிப்பக்கம் கட்டைவிரல வச்சு அழுத்துங்க. நல்ல மேப்பிள் கல்லு மாதிரி இருக்கும், விரல் கொஞ்சம் உள்ள போனாலே மக்கிப்போச்சுன்னு அர்த்தம். அங்க தண்ணி வடிஞ்சு நிக்கும், அதனால மொதல்ல போறது அந்த எடம்தான். அப்புறம் பின் டோரோட அடிச்சட்டம், பின் வீலுக்கு மேல இருக்கற வளைவு. ஸ்க்ரூடிரைவர் பிடியால தட்டிக்கிட்டே வாங்க, டங்குன்னு கேட்டா சரி, சொத்துன்னு கேட்டா அங்க நில்லுங்க. ரெண்டு கட்டை சேர்ற மூட்டுல கறுப்பா கறை படிஞ்சிருந்தா உள்ள தண்ணி எறங்கியிருக்கு. மேல பளபளன்னு புது வார்னிஷ் இருந்தா நான் இன்னும் சந்தேகப்படுவேன், விக்கிறதுக்கு முந்தின மாசம் அடிச்ச வார்னிஷ் எதையெல்லாமோ மறைக்கும். கதவப் பாதி தொறந்து லேசா மேல தூக்கிப் பாருங்க, லொடலொடன்னு ஆடினா கீல் தேஞ்சிருக்கணும், இல்ல கீல் பிடிச்சிருக்கற தூணு உளுத்திருக்கணும், ரெண்டாவதுதான் செலவு.

கூரையையும் பாத்துருங்க. அந்த மாடல்ல வரிசையா அடிச்ச மரச்சட்டம் மேல துணி போட்டு மூடியிருக்கும், தகடு கெடையாது, துணி கிழிஞ்சு தண்ணி எறங்கினா கீழ இருக்கற விட்டம் வெளிய தெரியாமலே மக்கும்.

இன்னொண்ணு, நம்பர். ஃபோர்டுல அந்தக் காலத்து சீரியல் நம்பர் சேசிஸ்லயே, அதாவது பாடியத் தாங்குற இரும்புச் சட்டத்துலயே தட்டியிருப்பாங்க, ஓனர்ஷிப் பேப்பர்ல இருக்கற நம்பரோட ஒத்துப்போகுதான்னு நேர்ல பாருங்க. பாடி தனி, சேசிஸ் தனி, அதனால வேற ஏதோ செடான் சேசிஸ்ல புது மர பாடி ஏத்தி ஒரிஜினல்னு விக்கிறது முடியாத காரியம் இல்ல.

மரம் நல்லா இருந்தா வாங்குங்க, தாராளமா. மரம் போயிருந்து இன்ஜின் நல்லா இருந்தா விட்ருங்க, முழு மரவேலைக்குப் பல ஆயிரம் டாலர் ஆகும், யானையக் கட்டித் தீனி போடற கதைதான். வாங்கினா வெயில் படாத எடத்துல நிறுத்துங்க, பிளாஸ்டிக் ஷீட் மட்டும் போத்தாதீங்க, உள்ள ஈரம் வேர்த்து நிக்கும். படகுக்கு அடிக்கற வார்னிஷ்தான் இதுக்கும். வருஷா வருஷம் மங்கற எடத்துல லேசா தேச்சு ஒரு கோட் அடிச்சா போதும், மொத்தமா சுரண்ட ஆரம்பிச்சா ஒவ்வொரு தடவையும் மரமும் கொஞ்சம் போகும். இன்சூரன்ஸ் எடுக்கும்போது மதிப்ப முன்கூட்டியே பேசி எழுதிக்கற பாலிசியா எடுங்க.

கேள்வி: இரும்பு இருக்கும்போது எதுக்கு மரத்துல செஞ்சாங்க? பணக்காரங்க ஷோக்கா?

ஷோக்கு பின்னாடி வந்தது. ஆரம்பத்துல இது ரயில்வே ஸ்டேஷன்ல எறங்கற ஆளையும் பெட்டியையும் ஹோட்டலுக்கு அள்ளிக்கிட்டுப் போற வண்டி, ஸ்டேஷன் வேகன்ங்கிற பேரே அதுலருந்துதான். ஃபோர்டு மாடல் டி காரோட சேசிஸ வாங்கி மேல தச்சர் கையால ஒரு பெட்டி கட்டிக்கறது. தகட்டுல பாடி அடிக்கணும்னா பெரிய அச்சு வேணும், ஆயிரக்கணக்குல வித்தாதான் அந்த அச்சுக் காசு திரும்பும், கொஞ்சமா விக்கற வண்டிக்கு மரம்தான் லாபம். 1923ல ஸ்டார்ங்கிற கம்பெனி ஃபேக்டரியிலயே இத குடுத்துச்சு, 1929ல ஃபோர்டு மாடல் ஏ-ல கொண்டுவந்தாங்க.

ஹென்றி ஃபோர்டு சும்மா இருக்கற ஆளா, மிச்சிகன்ல காடே வாங்கி அயர்ன் மவுண்டன்ல மரமில் போட்டாரு. மிச்ச மரத்தூள் கட்டைத்துண்டெல்லாம் கரியாக்கி வித்தாங்க, கிங்ஸ்ஃபோர்டு கரின்னு இப்பவும் அமெரிக்கால அடுப்புக்குக் கிடைக்கறது அங்க பொறந்ததுதான். ரெண்டாவது உலகப்போர்ல அதே தச்சுப் பட்டறையில மரமும் இரும்புக் குழாயும் சேத்த, இன்ஜின் இல்லாத கிளைடர் விமானம் 4,000க்கு மேல செஞ்சாங்க.

போர் முடிஞ்சு கார் விற்பனை ஏறினதும் கணக்கு தலைகீழாச்சு, ஆள் கூலியில மரம் இழைக்கறதவிட அச்சுல தகடு அடிக்கறது சல்லிசு. 1946ல ஜீப், 1949ல பிளைமவுத் சபர்பன்னு முழுத் தகட்டு வேகன் வந்துருச்சு, நெஜ மரத்துல அமெரிக்காவோட கடைசி புரொடக்ஷன் வேகன் 1953 ப்யூக். அப்புறம் பழைய வுட்டியெல்லாம் அடிமாட்டு விலைக்கு வந்து, அலைச்சறுக்குப் பசங்க பலகைய உள்ள திணிச்சுக்கிட்டு பீச்சுக்கு ஓட்டினாங்க. உப்புக்காத்து, மணல், ஈரம்! எத்தன வண்டி அப்படியே மக்கியிருக்கும்னு நெனச்சா வயிறு எரியுது.

கேள்வி: எங்க மாமா வச்சிருந்த ஃபோர்டு கன்ட்ரி ஸ்குவயர் வேகன் 1978 மாடல், அதுவும் வுட்டிதானே?

இல்லைங்க, அது மரம் மாதிரி பிரிண்ட் போட்ட வினைல் ஸ்டிக்கர். மாமாகிட்ட சொல்ல வேணாம்.

கேள்வி: இங்கிலாந்துல மோரிஸ் மைனர் டிராவலர் பாத்தேன், அதுல மரச்சட்டம் ஸ்டிக்கரா நெஜமா?

நெஜம். 1953ல இருந்து 1971 வரைக்கும் வந்த அந்த வண்டியோட பின்பக்கத்தத் தாங்கறதே ஆஷ் மரச்சட்டம்தான். அதனால அங்க வண்டி ஓட்டத் தகுதியா இருக்கான்னு பாக்கற வருஷாந்திர எம்.ஓ.டி. டெஸ்டுல மரம் உளுத்திருந்தா வண்டி ஃபெயில். இப்ப பெருசா மாத்தாத 40 வருஷம் தாண்டின வண்டிக்கு டெஸ்ட் கட்டாயமில்ல, ஆனா ஓட்டத் தகுதியா வச்சிருக்கற பொறுப்பு ஓனருக்கு அப்படியேதான் இருக்கு. ஜன்னல் கண்ணாடி ஓடற பள்ளத்துல தண்ணி நின்னு பாசி பிடிக்கும், கவனிக்காம விட்டா காளானே மொளைக்கும். வாங்கறதா இருந்தா மொதல்ல அந்தப் பள்ளத்துல விரல விட்டுப் பாருங்க.