மான் வேட்டைக்கு எந்தத் தோட்டா? சீசனுக்கு முன் வந்த கேள்விகளும் பதில்களும்

டெக்சஸில் நவம்பர் முதல் சனிக்கிழமை ரைஃபிள் சீசன் தொடங்குகிறது. அக்டோபர் பாதியிலேயே கடிதங்கள் குவிந்துவிட்டன. அவற்றில் பாதிக்கு என்னால் பதில் எழுத முடியவில்லை. எந்த மாநிலம், எத்தனை கெஜத்தில் சுடப்போகிறீர்கள், கையில் என்ன ரைஃபிள், இந்த மூன்றையும் சொல்லாமல் "மானுக்கு எது பெஸ்ட்?" என்று ஒரே வரி எழுதினால் நான் எதை வைத்துச் சொல்வது? தயவுசெய்து மூன்றையும் எழுதுங்கள்.

முதல் ரைஃபிள் வாங்கப் போகிறேன். .308, 6.5 கிரீட்மோர், .270 மூன்றில் எது? கிழக்கு டெக்சஸ், மரக்காடு, 150 கெஜத்துக்கு மேல் தெரியாது. (டாலஸ்)

இப்படிக் கேட்டால் பதில் சொல்வது எளிது, நன்றி. மூன்றும் தோட்டா அளவுகளின் பெயர்கள்தான், அந்தத் தூரத்தில் மூன்றுக்கும் வித்தியாசமே கிடையாது. .308 வந்தது 1952-ல், .270 வந்தது 1925-ல், இரண்டும் அன்றிலிருந்து மானை விழ வைத்துக்கொண்டுதான் இருக்கின்றன. உங்கள் ஊர்க் கடையில் எந்தத் தோட்டா வருடம் முழுக்கக் கிடைக்கிறதோ அதை வாங்குங்கள். சுடும்போது தோளில் இடிக்கும் உதை குறைவாக வேண்டும் என்றால் 6.5. மிச்சப் பணத்தில் ஐந்து பெட்டி தோட்டா வாங்கிச் சுட்டுப் பழகுங்கள், அதில்தான் விஷயம் இருக்கிறது.

பென்சில்வேனியா நண்பர் ஒரு .30-06 கொடுத்தார். ஒஹையோ மான் சீசனுக்கு எடுத்துப் போகலாமா? (கொலம்பஸ்)

கூடாது. ஒஹையோவில் மானுக்கு ரைஃபிள் என்றால் நேர்க்கூட்டுத் தோட்டா மட்டும்தான், அதாவது கழுத்து குறுகாத கூடு, குறுக்களவு .357 அங்குலத்திலிருந்து .50 அங்குலம் வரை. .350 லெஜண்ட், .450 புஷ்மாஸ்டர் எல்லாம் அந்தக் கணக்கில் வரும். உங்கள் .30-06 வராது. துப்பாக்கியைக் காரில் ஏற்றும் முன் அந்த மாநிலத்தின் இந்த வருட விதிப் புத்தகத்தைப் படியுங்கள். போன வருடத்துப் புத்தகம் உதவாது.

என் மகளுக்கு 14 வயது. .243 போதுமா? கடையில் 58 கிரெய்ன் எடைக் குண்டு போட்ட தோட்டா மலிவாக இருக்கிறது, வேகமும் அதிகம் என்று போட்டிருக்கிறது. (சான் அன்டோனியோ)

.243 தாராளமாகப் போதும். .30-06-ன் உதையில் ஏறக்குறைய பாதிதான் இருக்கும், பிள்ளை பயப்படாமல் சுடுவாள். ஆனால் அந்த 58 கிரெய்னை மானுக்கு வாங்கவே வாங்காதீர்கள். அது கயோட்டி, பிரெய்ரி டாக் மாதிரிச் சின்ன உயிர்களுக்குச் செய்தது, பட்டதும் சிதற வேண்டும் என்பதற்காகவே அதன் தோலை மெல்லிதாக வைத்திருக்கிறார்கள். ஒருமுறை பக்கத்து முகாமில் ஒரு பெட்டை மானை உரிக்க உதவினேன். தோள்பட்டையில் சாஸர் அகலத்துக்குக் கறி பிய்ந்து கிடந்தது, ஆழம் இரண்டு அங்குலம்கூட இல்லை. எலும்பு மேல் குண்டின் தூள்கள் அரிசிக் குருணை போல ஒட்டியிருந்தன. நுரையீரலில் ஒரு கீறல் இல்லை. அந்த மானை இரண்டாவது குண்டுதான் கொன்றது, அதுவும் முக்கால் மணி நேரம் தேடிய பிறகு. மகளுக்கு 95 அல்லது 100 கிரெய்ன் வாங்குங்கள், பெட்டியில் மான் படமோ, மான் வேட்டைக்கு என்ற வார்த்தையோ இருக்கிறதா என்று பாருங்கள். தூரத்தை 150 கெஜத்தோடு நிறுத்துங்கள்.

ராணுவ உபரி 7.62 தோட்டா ஆயிரம் மலிவாகக் கிடைத்தது. என் .308-ல் மானுக்குப் போடலாமா?

முழு உலோக உறை போட்ட குண்டு விரியாது, ஊசி போல உள்ளே போய் வெளியே போய்விடும், மான் எங்கோ போய் மெல்லச் சாகும். பல மாநிலங்களில் மானுக்கு அது சட்டப்படியே தடை. பெட்டியில் 7.62x51 நேட்டோ என்று இருந்தால் காகிதத்தில் சுட்டுத் தீர்த்துவிடுங்கள், வேறு 7.62 என்றால் உங்கள் .308-ல் போடவே கூடாது.

போன சீசனில் .270, 130 கிரெய்ன், 220 கெஜம். சுட்டதும் மான் துள்ளி மரத்துக்குள் ஓடியது. ரத்தம் தெரியவில்லை, இருட்டிவிட்டதால் திரும்பிவிட்டேன். .270 பலம் பத்தாது என்கிறார்கள். .300 வின்செஸ்டர் மேக்னம் வாங்கலாமா? ரைஃபிளுக்குப் போன வருடம் குறி சரிபார்த்தேன். (ஹூஸ்டன்)

இந்தக் கடிதம் ஒவ்வொரு வருடமும் வேறு வேறு கையெழுத்தில் எனக்கு வருகிறது, ஒவ்வொரு வருடமும் படிக்கும்போது வயிறு எரிகிறது. பத்தாமல் போனது .270 இல்லை ஐயா. கொலராடோவில் 100 கெஜத்தில் குண்டின் ஆற்றல் ஆயிரம் அடி-பவுண்டு இருந்தால் எல்க் சுடவே அனுமதிக்கிறார்கள், எல்க் உங்கள் ஊர் மானைப் போல நாலு மடங்கு எடை. உங்கள் தோட்டா 200 கெஜத்திலேயே ஏறக்குறைய 1,800 வைத்திருக்கிறது. குண்டு எங்கே பட்டது என்று உங்களுக்குத் தெரியாது, அதுதான் பிரச்சினை. தெரிந்துகொள்ள நீங்கள் முயற்சியும் செய்யவில்லை.

நுரையீரலில் சரியாக அடிபட்ட மானே ஐம்பது, நூறு கெஜம் ஓடும். துள்ளி ஓடியது என்பதற்காகத் தப்பியது என்று அர்த்தம் இல்லை. சுட்டதும் இடத்தை விட்டு அசையாதீர்கள், மான் நின்ற இடத்தை ஒரு மரத்தையோ கல்லையோ வைத்துக் கண்ணால் குறித்துக்கொள்ளுங்கள். அரை மணி கழித்து அங்கே போய் முழங்கால் போட்டுத் தேடுங்கள், நின்றபடி தேடினால் ஒன்றும் தெரியாது. இளஞ்சிவப்பாக நுரைத்த ரத்தம் என்றால் நுரையீரல், தொடர்ந்து போங்கள். கருஞ்சிவப்பு என்றால் ஈரல், மூன்று நாலு மணி நேரம் விடுங்கள். பச்சையாகவோ நாற்றத்தோடோ ஏதாவது இருந்தால் குடல், ஆறு எட்டு மணி நேரம் கழித்துத்தான் போக வேண்டும், அதற்கு முன் போனால் படுத்திருந்த மான் எழுந்து அடுத்த நிலத்துக்குப் போய்விடும். முதல் ஐம்பது கெஜத்தில் ரத்தமே இல்லாமல் போவதும் உண்டு, குண்டு மேலே நுழைந்து மறுபக்கம் வெளியேறாமல் இருந்தால் ரத்தம் உள்ளேயே தேங்கும். டெக்சஸில் பல கவுண்டிகளில் தடம் பிடிக்கும் நாயை விட அனுமதி உண்டு, உங்கள் கவுண்டியில் உண்டா என்று சீசனுக்கு முன்பே பார்த்து, நாய் வைத்திருப்பவரின் நம்பரை வாங்கி வைத்திருங்கள். டார்ச் இல்லாமல் சாயங்கால வேட்டைக்குப் போகாதீர்கள். இருட்டிவிட்டது என்று மானை விட்டு வருவதற்கு எந்தத் தோட்டாவும் மருந்து இல்லை.

அடுத்து மேக்னம். நானும் இருபது வருடத்துக்கு முன்னால் இதையே செய்தேன். ஒரு கடைக்காரர் சொன்னதை நம்பி 7 மி.மீ. மேக்னம் வாங்கினேன், மூன்றே மாதத்தில் என் குறி கெட்டது. ஏன் என்று எனக்குப் பிடிபடவில்லை. ஒரு நாள் நண்பர் எனக்குத் தெரியாமல் தோட்டாக்களுக்கு நடுவே ஒரு வெற்றுத் தோட்டாவைப் போட்டுக் கொடுத்தார். விசையை அழுத்தினேன், 'டிக்' என்று சத்தம் மட்டும் வந்தது, ஆனால் குழல் முனை ஒரு கை அளவுக்குக் கீழே குத்தியது. உதை வரப்போகிறது என்று உடம்பு முன்கூட்டியே பயந்து விசையை வெடுக்கென்று இழுத்திருக்கிறது. .270-ன் உதையைப் போல ஒன்றரை மடங்கு .300 வின்மேக்கில் இருக்கும். .270-லேயே எங்கே பட்டது என்று தெரியாதவருக்கு அது எதையும் சரிசெய்யாது.

நீங்கள் செய்ய வேண்டியது இது. அந்த .270-ஐ வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பது அங்குலக் காகிதத் தட்டு ஒன்றை மாட்டுங்கள். பெஞ்சில் உட்காராமல், காட்டில் எப்படிச் சுடுவீர்களோ அப்படி, முட்டிபோட்டுக் கோல் ஊன்றி ஐந்து சுடுங்கள். ஐந்தும் எந்தத் தூரம் வரை தட்டில் விழுகிறதோ அதுதான் உங்கள் தூரம். 140 என்றால் 140, மான் 220-ல் நின்றால் பார்த்துவிட்டு விட்டுவிடுங்கள். "போன வருடம் குறி சரிபார்த்தேன்" என்பது கணக்கிலேயே வராது. ஸ்கோப் திருகு தளரும், தோட்டாவின் லாட் (தயாரிப்புத் தொகுதி) மாறும், காரில் குலுங்கும். ஒவ்வொரு சீசனுக்கு முன்பும், வேட்டைக்கு எடுத்துப்போகும் அதே பெட்டித் தோட்டாவில் சரிபார்க்க வேண்டும்.

மாமனாரின் பழைய .30-30 லீவர் ரைஃபிள் வந்திருக்கிறது. நண்பர் காலிக் கூடுகளில் முனை கூரான குண்டு போட்டு ரீலோட் செய்து (திரும்ப நிரப்பி) தருகிறேன் என்கிறார்.

வேண்டாம். அந்த ரைஃபிளில் தோட்டாக்கள் குழலுக்குக் கீழே ஒரு குழாயில் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நிற்கும், பின்னால் இருப்பதன் முனை முன்னால் இருப்பதன் பிரைமரில், அதாவது தட்டினால் வெடிக்கும் பொட்டில், முட்டிக்கொண்டிருக்கும். கூர் முனை, சுடும்போது ஒரு குலுக்கல், அவ்வளவுதான், குழாயே வெடிக்கும். தட்டை முனை போடுங்கள், அல்லது ஹார்னடி லீவரெவல்யூஷன் போல ரப்பர் மாதிரி மெத்தென்ற முனை வைத்தது. 150 கெஜத்துக்குள் அது அருமையான ரைஃபிள், மாமனாருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

ஏஆர்-15-க்கு .223, .300 பிளாக்அவுட் இரண்டு குழல் வைத்திருக்கிறேன். மானுக்கு எது?

மானுக்கு .300 பிளாக்அவுட், 110 முதல் 125 கிரெய்ன் வேகத் தோட்டா, 100 கெஜத்துக்குள். ஒலியைவிட மெதுவாகப் போகும் 220 கிரெய்ன் வேண்டாம், அந்த வேகத்தில் பெரும்பாலானவை விரிவதில்லை. வர்ஜீனியா மாதிரி .23-க்குக் குறைந்த குண்டையே மானுக்கு அனுமதிக்காத மாநிலங்களும் உண்டு, அங்கே .223 பேச்சுக்கே இடமில்லை.

இதைவிட முக்கியமான விஷயத்தை நீங்கள் கேட்கவில்லை. இரண்டுக்கும் மேகசினும் ஒன்று, போல்ட்டும் ஒன்று. .300 தோட்டா .223 குழலின் சேம்பருக்குள் (தோட்டா உட்காரும் அறை) நுழைந்து பூட்டிக்கொண்டால், விசையை அழுத்தியதும் ரைஃபிள் கையிலேயே வெடிக்கும். மேகசின்களுக்கு வேறு நிற டேப் ஒட்டுங்கள், இரண்டு தோட்டாவையும் ஒரே நாளில் எடுத்துப் போகாதீர்கள். எல்லாருக்கும் சேர்த்தே சொல்கிறேன்: பெட்டியில் இருக்கும் பெயரும் குழலில் பொறித்திருக்கும் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும், மேலே சொன்ன 7.62 நேட்டோ ஒன்றுதான் விலக்கு. "கிட்டத்தட்ட அதேதான்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

கலிபோர்னியாவுக்கு மாறிவிட்டேன். அங்கே ஈயத் தோட்டா கூடாதாமே. செம்பு அதே மாதிரி வேலை செய்யுமா? வீட்டில் சின்னக் குழந்தைகள் கறி சாப்பிடுகிறார்கள். (சான் ஹோசே)

2019 ஜூலை 1-லிருந்து அங்கே எந்தக் காட்டு உயிரைத் துப்பாக்கியால் சுட்டாலும் ஈயம் இல்லாத குண்டுதான். ஈயம் சிதறிய குடலைத் தின்று கண்டோர் கழுகுகள் செத்ததுதான் காரணம். குழந்தைகளைப் பற்றிக் கேட்டீர்களே, அதற்காகவே நான் டெக்சஸில் எந்தக் கட்டாயமும் இல்லாமல் செம்புக்கு மாறினேன். ஈயக் குண்டு பட்ட இடத்திலிருந்து ஒரு சாண் தள்ளிக்கூட, கண்ணுக்குத் தெரியாத துகள்கள் எக்ஸ்ரேயில் தெரியும். 2008-ல் வடக்கு டக்கோட்டாவில் ஏழைகளுக்குத் தானமாக வந்த அரைத்த மான் கறியை வீசிவிடச் சொன்னது இதனால்தான்.

செம்பு நன்றாகவே வேலை செய்யும், மூன்று விஷயம் கவனியுங்கள். செம்பு ஈயத்தைவிட இலேசு, அதே எடைக்குக் குண்டு நீளமாகிவிடும், அதனால் ஒரு படி எடை குறையுங்கள்: .308-ல் 165 போட்டவர் 130 அல்லது 150. அப்புறம் வேகம். பல செம்புக் குண்டுகள் வினாடிக்கு 2,000 அடிக்குக் கீழே போனால் சரியாக விரிவதில்லை, ஆகவே தூரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். கடைசியாக, ஈயத்தில் வைத்த குறி செம்புக்கு ஒத்துவராது. திரும்பச் சரிபாருங்கள், வேட்டைக்கு எடுத்துப்போகும் அதே பெட்டியில். 150 கிரெய்னை 100 கெஜத்தில் இரண்டு அங்குலம் மேலே வைத்தால் 200-ல் நேராக இருக்கும், 300-ல் எட்டு அங்குலம் போல இறங்கும்.

H-1B-யில் இருக்கிறேன். துப்பாக்கி வாங்கலாமா?

பொதுவாகத் தற்காலிக விசாக்காரர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்பது மத்தியச் சட்டம். மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ் இருந்தால் விலக்கு உண்டு. டெக்சஸ் லைசென்ஸ் ஆகஸ்ட் 31-ல் முடியும். செப்டம்பரில் புதுப்பிக்க மறந்துவிட்டு, அலமாரியில் ஒரு பெட்டி தோட்டா இருந்தால்கூட நீங்கள் குற்றவாளி, கிரீன் கார்டும் போகலாம். வாங்கும் முன் ஒருமுறை குடியேற்ற வக்கீலிடம் கேளுங்கள், அந்தக் கட்டணத்தை மிச்சம் பிடிக்காதீர்கள்.

தேனியிலிருந்து எழுதுகிறேன், மானுக்கு எந்த ஏர்கன்...

இந்தியாவில் 1972-ம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். இங்கே அதற்குப் பதில் கிடையாது.

கெர்வில் பக்கம் புள்ளிமான் வேட்டைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். நம் ஊர்ப் புள்ளிமானேவா? அதற்குத் தனித் தோட்டா வேண்டுமா? (ஆஸ்டின்)

அதேதான். 1932 வாக்கில் டெக்சஸுக்குக் கொண்டுவந்தது, ஆக்சிஸ் என்பார்கள், இன்று மலைப்பகுதி முழுக்கப் பெருகிக் கிடக்கிறது. தனியார் நிலத்தில் சீசன் கட்டுப்பாடு இல்லை, ஆனால் வேட்டை லைசென்ஸ் வேண்டும். தோட்டா உங்கள் .308 150 கிரெய்னே போதும். ஆண் மான் இருநூறு பவுண்டு வரை வரும், தோள் கொஞ்சம் கெட்டி, அதனால் சிதறாத, கட்டுக்கோப்பான குண்டாகப் பாருங்கள். தெற்கே நீல்காய்க்கும் கூப்பிடுவார்கள், அது மான் சாதியே இல்லை, அங்கே மட்டும் .300 மேக்னம் பற்றிப் பேசலாம்.

ஒன்று கவனம். வெள்ளைவால் மான் மாதிரி இது தனியாக நிற்காது, முப்பது நாற்பதாகக் கூட்டமாக மேயும். உங்கள் குண்டு ஊடுருவி வெளியே வரும் குண்டு. ஸ்கோப்பில் ஆண் மானை மட்டும் பார்க்காதீர்கள், அதற்குப் பின்னால் ஒரு பெட்டையின் காது தெரிந்தாலும் விரலை விசையிலிருந்து எடுத்துவிட்டு, கூட்டம் விலகும்வரை காத்திருங்கள்.