வெயிலுக்கு அடித்த மொட்டை

அன்புள்ள ஆலோசகருக்கு,

வணக்கம். எனக்கு வயது 64. அஞ்சல் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மயிலாடுதுறை பக்கம். இருபது வயதிலிருந்து பகுத்தறிவுக் கொள்கைக்காரன். 1988-ல் சுயமரியாதைத் திருமணம்தான் செய்துகொண்டேன். ஐயர் இல்லை, தாலி இல்லை. அப்பாவுக்கு அது கல்யாணமாகவே படவில்லை. அண்ணா 1967-லேயே இதற்குச் சட்டம் கொண்டுவந்துவிட்டார் என்று எடுத்துச் சொன்னேன். "சரி, உன் இஷ்டம்" என்றார். கல்யாணத்தன்று நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு முதல் வரிசையில் வந்து உட்கார்ந்துவிட்டார். மேடையில் இருந்த எனக்குத்தான் கூச்சமாகப் போய்விட்டது. அது பழைய கதை.

இப்போது பிரச்சினை என் தம்பி. ஐந்தாறு வருடமாக ஆளே மாறிவிட்டான். காலையில் குடும்ப வாட்ஸ்அப் குழுவைத் திறந்தால் அவன் அனுப்பிய சாமி படம். அதுகூடப் போகட்டும். வேறு மதத்துக்காரர்களைப் பற்றிக் கன்னாபின்னா என்று வருகிற செய்திகளையும் அப்படியே தள்ளிவிடுகிறான். ஆதாரம் கேட்டேன். எந்த ஊர், எந்த வருடம் என்று கேட்டேன். "சரிண்ணே" என்று எழுதி ஒரு கும்பிடு போடுவான். மறுநாள் இன்னொன்று வரும்.

நான் யாரையும் கோயிலுக்குப் போகாதே என்று சொன்னதே கிடையாது. ஏன் போகிறாய் என்றுதான் கேட்டேன். கேள்வி கேட்பது குற்றமா? திரு.வி.க. ஈரோட்டில் பெரியாரின் விருந்தாளியாக இருந்தபோது, ஆற்றில் குளித்துக் கரையேறிய அவருக்காகப் பெரியார் கையில் திருநீற்றோடு நின்றார் என்று சொல்வார்கள். அதையே குழுவில் எழுதி, "எங்கள் ஆள் இப்படி, உங்கள் பக்கம் இப்படி ஒருத்தரைக் காட்டு" என்று கேட்டேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. பதில் இருந்தால்தானே?

பொங்கலுக்கும் நிம்மதி இல்லை. தம்பி குடும்பத்தோடு வந்திருந்தான். சாப்பிடும்போது பேச்சு வளர்ந்தது. நான் குரலை உயர்த்தியது உண்மைதான். அவன் பாதி இலையில் எழுந்துவிட்டான். மனைவி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. ஓசூரிலிருந்து வந்த மகன், மாட்டுப் பொங்கல் அன்றைக்கே ஆபீசில் அவசரம் என்று கிளம்பிவிட்டான். எல்லாம் தம்பியால் வந்தது. கோயம்புத்தூரில் இருக்கும் மகள் இந்தத் தடவை வரவே இல்லை. அந்த வாரக் கடைசியில் வீடியோ காலில் வந்தாள். பேரனுக்கு மொட்டை, தலை முழுக்கச் சந்தனம். "வெயிலுக்கு அடிச்சோம்ப்பா" என்றாள். தை மாதக் குளிரில் நான் மப்ளர் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மனைவி போனை வாங்கிக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். நானும் ஒன்றும் கேட்கவில்லை. விடுங்கள், சின்ன விஷயம்.

தம்பி விஷயத்துக்கு வருகிறேன். என்னைவிட ஆறு வயது சின்னவன். பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் வைத்து அழைத்துப்போனவன் நான். அவன் என் கேள்விக்கு ஒரு நாள்கூட நேராகப் பதில் சொன்னதில்லை. குழுவை விட்டு விலகிவிடலாமா? அவனைத் திருத்த வழி இருக்கிறதா? மாற்றுக் கருத்தை மதிக்கும் பண்பு இந்தக் காலத்தில் ஏன் இப்படிச் செத்துப்போய்விட்டது?

ஒரு வாசகர்

*

அன்புள்ள ஐயா,

கடிதத்தில் முக்கால்வாசி உங்கள் தம்பிதான். அவரைப் பற்றிச் சொல்லி முடித்துவிடுகிறேன், அதுதான் சுலபம். இன்னொரு மதத்தார் மீது பொய் சுமத்துகிற செய்தியைப் பொய் என்றுதான் சொல்ல வேண்டும். அதில் நான் உங்கள் பக்கம். ஆனால் அத்தை, சித்தப்பா, மருமகள்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும் குழுவில் சொன்னால், அவர் செய்தியைப் பற்றி யோசிக்க மாட்டார், மானத்தைப் பற்றித்தான் யோசிப்பார். போனில் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். சைக்கிளில் வைத்து அழைத்துப்போன அண்ணன் அல்லவா?

இப்போது அந்தச் "சின்ன விஷயம்".

ஊர் கேட்டேன், வருடம் கேட்டேன், ஆதாரம் கேட்டேன் என்று கடிதம் முழுக்கக் கேட்டுக்கொண்டே வருகிறீர்கள். "ஒன்றும் கேட்கவில்லை" என்று எழுதியிருப்பது ஒரே ஓர் இடத்தில். மகள் "வெயில்" என்று சொன்ன இடத்தில்.

பதில் தெரிந்ததால்தான் கேட்கவில்லை. தை மாதத்தில் வெயிலுக்கு யாரும் மொட்டை அடிப்பதில்லை என்று உங்களுக்குத் தெரியும், மகளுக்கும் தெரியும், போனோடு அடுக்களைக்குள் போன உங்கள் மனைவிக்கு நாள் நட்சத்திரத்தோடு தெரியும். இன்னொன்று. இது என் ஊகம், தவறாகவும் இருக்கலாம். மொட்டை போடக் குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைப்பது வழக்கம். மாட்டுப் பொங்கல் அன்று ஊரே விடுமுறையில் இருக்கும்போது உங்கள் மகனுக்கு ஆபீசில் என்ன அவசரம்? இந்தக் கணக்கை நீங்களும் போட்டுப் பார்த்திருப்பீர்கள். இல்லாவிட்டால் மகன் கிளம்பியதும் பேரனின் மொட்டையும் உங்கள் கடிதத்தில் இப்படி அடுத்தடுத்து வந்து உட்கார்ந்திருக்காது.

பேரனுக்கு மொட்டை போட்டிருக்கிறார்கள். எந்தக் கோயில், யார் யார் போனார்கள், வந்தவர்களுக்கு என்ன சாப்பாடு, எதுவும் தாத்தாவுக்குத் தெரியாது. வீட்டில் உங்களைத் தவிர எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. அந்த வலிக்குத்தான் நீங்கள் தம்பி என்று பெயர் வைத்திருக்கிறீர்கள்.

அப்பாவைப் பற்றிப் "பழைய கதை" என்று எழுதிவிட்டுத் தாண்டிப் போகிறீர்கள். எனக்குத் தாண்ட மனம் வரவில்லை. 1988-ல் அவர் முகத்தைப் பார்த்து, உங்கள் சடங்கு எனக்கு வேண்டாம் என்று உங்களால் சொல்ல முடிந்தது. அவர் உங்கள் கொள்கைக்கு மாறவில்லை. உங்களுக்காகத் திருநீற்றை அழித்துக்கொண்டும் வரவில்லை. வராமலும் இருக்கவில்லை. நீங்கள் துணிச்சல்காரர்தான், மறுக்கவில்லை. அந்தத் துணிச்சலில் பாதி, அதைத் தாங்கிக்கொண்ட அந்த மனிதர் கொடுத்தது. உங்கள் மகள் கல்யாணமாகிக் குழந்தை பெற்றவள். அப்பாவிடம் உண்மையைச் சொல்லப் பயந்து, தை மாதத்தில் வெயிலைக் கூப்பிடுகிறாள். பக்தரான அப்பாவிடம் உங்களுக்கு இருந்த சுதந்திரம், பகுத்தறிவாளரான அப்பாவிடம் அவளுக்கு இல்லை. இதில் நான் உங்கள் பக்கம் நிற்க முடியாது.

சாமி இல்லாத வீடு என்று சொல்வீர்கள். எனக்கென்னவோ இருப்பதாகப்படுகிறது. உங்கள் கோபம்தான் அது. அதன் முன்னால் குரலைத் தாழ்த்துகிறார்கள், நேரம் பார்த்துப் பேசுகிறார்கள், உள்ளே கொண்டுவரக் கூடாததை வெளியிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள்.

இது அவர்களுக்கு மட்டும் நஷ்டம் இல்லை. பீட்டர் வேசன் என்ற உளவியலாளர் 1960-ல் ஒரு சோதனையைப் பற்றி எழுதினார். 2, 4, 6 என்று மூன்று எண்களைக் கொடுத்து, இதற்குப் பின்னால் ஒரு விதி இருக்கிறது, நீங்களும் மும்மூன்று எண்களாகச் சொல்லுங்கள், பொருந்துகிறதா என்று சொல்கிறேன், விதியைக் கண்டுபிடியுங்கள் என்பார். நீங்களும் நானும் என்ன சொல்வோம்? 8, 10, 12. பொருந்துகிறது. 20, 22, 24. பொருந்துகிறது. அவ்வளவுதான், இரண்டிரண்டாகக் கூடுகிறது என்று அடித்துச் சொல்லிவிடுவோம். தவறு. ஏறுவரிசையில் எந்த மூன்று எண்கள் இருந்தாலும் போதும், அதுதான் விதி. 5, 17, 90 என்று ஒரே ஒரு தடவை சொல்லிப் பார்த்திருந்தால் குட்டு உடைந்திருக்கும். தன் ஊகம் தப்பாகிவிடக்கூடிய கேள்வியைத்தான் நாம் கேட்பதில்லை.

குழுவில் நீங்கள் கேட்பதெல்லாம் 8, 10, 12 வகைக் கேள்விகள். யாரும் பேசவில்லை என்றதும் "பதில் இருந்தால்தானே" என்று டிக் போட்டுக்கொள்கிறீர்கள். அந்த மௌனத்துக்கு வேறு அர்த்தம் இருக்கலாம் என்று ஒரு தடவையாவது சோதித்துப் பார்த்தீர்களா? நான் சொல்வதை நம்பாதே, உன் அறிவுக்குச் சரியென்று பட்டால் எடுத்துக்கொள் என்று மேடைக்கு மேடை சொன்னவரின் வழியில் வந்தவர் நீங்கள். உங்களிடம் "எனக்குச் சரியென்று படவில்லை அப்பா" என்று சொல்ல வீட்டில் ஆள் இல்லை. அப்படியிருக்க, உங்கள் கொள்கை இப்போதும் யோசித்து வைத்திருப்பதா, பழக்கத்தில் ஒட்டிக்கொண்டிருப்பதா என்று உங்களுக்கே எப்படித் தெரியும்?

திரு.வி.க. கதையையும் சொல்லிவிடுகிறேன். கரையேறி வருகிறவருக்குத் திருநீறு வேண்டியிருக்கும் என்று பெரியாருக்குத் தெரிந்திருந்தது, எடுத்து வைத்திருந்தார். அவ்வளவுதான். எதிரில் இருப்பவர் வாயை அடைக்க அதைச் செய்யவில்லை. நீங்கள் அந்தக் கதையைக் கல்லாக்கிக் குழுவில் வீசியிருக்கிறீர்கள்.

கோயிலுக்குப் போங்கள் என்று சொல்லவில்லை. கொள்கையை விடவும் சொல்லவில்லை. பொய்ச் செய்தியையும் பேரனின் மொட்டையையும் ஒரே பெட்டியில் போட்டுப் பூட்டாதீர்கள் என்கிறேன். மகள் ஏன் இதைச் செய்தாள் என்று உங்களுக்குத் தெரியாது. மாமியார் ஆசைப்பட்டிருக்கலாம். பிள்ளைக்கு ஏதோ ஒரு ராத்திரி காய்ச்சல் ஏறி, வேண்டிக்கொண்டிருக்கலாம். உண்மையிலேயே அவளுக்கு நம்பிக்கை இருக்கலாம், அதை உங்களிடமிருந்து எத்தனை வருடமாக ஒளித்து வைத்திருக்கிறாளோ.

"ஏன் செய்தாய்" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்வி உங்கள் வாயிலிருந்து வந்தால் அவர்களுக்குக் குற்றப்பத்திரிகையாகத்தான் கேட்கும். ஏன் மறைத்தாய் என்பது அதைவிட மோசம். மகன் மடியில்தான் உட்கார வைத்தார்களா என்று துருவவும் வேண்டாம். மகளுக்குப் போன் போட்டு, "மொட்டை அடிக்கும்போது பிள்ளை அழுதானா?" என்று மட்டும் கேளுங்கள். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இருக்காது. அந்த இடத்தில் நீங்கள் எதையாவது பேசி நிரப்பிவிடாதீர்கள்.

பயத்தில் மறுபடியும் வெயில் என்று சொன்னாலும் சொல்வாள். சொன்னால், "ஆமாம்மா, சந்தனம் குளிர்ச்சிதான்" என்று சொல்லிவிட்டுப் பேரனிடம் கொடுக்கச் சொல்லுங்கள். முடி கொஞ்சம் வளர்ந்ததும் இன்னொரு தடவை கேட்டுப் பாருங்கள்.