மாடியில் தூக்க ஆய்வகம்: அங்கீகாரம் முதலிலா?

கேள்வி: மதுரை அண்ணாநகரில் நுரையீரல் மருத்துவராக இருக்கிறேன். கிளினிக் மாடியில் இரண்டு அறைகள் சும்மா கிடக்கின்றன. அங்கே தூக்க ஆய்வகம் (இரவு முழுக்க நோயாளியின் தூக்கத்தையும் மூச்சையும் மெஷினில் பதிவு செய்யும் இடம்) தொடங்க ஆசை. மாதம் இத்தனை நோயாளிகள் என்று உறுதி கொடுத்தால் மெஷினை இலவசமாக வைப்பதாக ஒரு நிறுவனம் சொல்கிறது. அங்கீகாரம் வாங்கிவிட்டுத்தான் தொடங்க வேண்டுமா?

பதில்: டாக்டர், அந்த இலவச மெஷின் வேண்டாம். மாதக் கணக்கு வந்துவிட்டால் குறட்டை விடுகிறவரையெல்லாம் படுக்க வைக்கத் தோன்றும். நோயாளியை அனுப்புவதற்குக் கமிஷன் வாங்குவதை 2002 மருத்துவ நெறிமுறை விதிகளே தடுக்கின்றன. கடன் வாங்கியாவது ஒரே ஒரு படுக்கைக்குச் சொந்தமாக மெஷின் வாங்குங்கள்.

பதிவு வேறு, அங்கீகாரம் வேறு. தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் சட்டப்படி பதிவு கட்டாயம். கிளினிக்குக்குப் பதிவு இருந்தாலும், இனி நோயாளி இரவு தங்கப் போகிறார் என்பதை மாவட்ட மருத்துவம், ஊரக நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் எழுதிக் கேட்டுவிடுங்கள். மருத்துவமனைகளின் தரத்துக்கு என்.ஏ.பி.எச். என்ற தேசிய வாரியம் தரும் அங்கீகாரம் நாமாக விரும்பிப் பெறுவது. 'ஆய்வகம்' என்ற பெயரைப் பார்த்து சோதனைக்கூடங்களுக்கு அங்கீகாரம் தரும் என்.ஏ.பி.எல். பக்கம் போய்விடாதீர்கள், மருத்துவத்தில் அது ரத்தம், சிறுநீர் போன்ற மாதிரிகளைச் சோதிக்கும் லேப்கள் போகும் இடம்.

அங்கீகாரம் பிறகு வரட்டும், தரம் முதல் இரவிலேயே வேண்டும். அதற்கு அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமியின் விதிகளை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். அறையில் ஒருவர்தான் படுக்க வேண்டும். அவசரத்துக்குக் கட்டிலின் மூன்று பக்கமும் ஆள் போக இடம் வேண்டும். ரோட்டைப் பார்த்த அறையை விட்டுவிடுங்கள். மாட்டுத்தாவணி போகும் பஸ்ஸின் ஹாரனுக்கு மூளை 3 விநாடி விழித்தாலும் பதிவில் விழுந்துவிடும். யுபிஎஸ் இல்லாமல் தொடங்கவே வேண்டாம்.

எல்லாவற்றையும்விட முக்கியம் இரவு டெக்னீஷியன். நம் ஊரில் தலை நிறைய தேங்காயெண்ணெய் வைத்துக்கொண்டு வருவார்கள். அதன் மேல் மூளை அலையைப் பிடிக்கும் எலெக்ட்ரோடு ஒட்டாது. ஒட்டினாலும் நள்ளிரவில் கழன்று, மூளை அலை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் இரைச்சல் ஓடும். அன்று தலைக்குக் குளித்து, எண்ணெயும் பூவும் வைக்காமல் வரும்படி முதல் நாளே போனில் சொல்லும் ஆள் வேண்டும். ஒவ்வோர் இடத்தையும் தேய்த்துச் சுத்தம் செய்து, எலெக்ட்ரோடுக்கும் தோலுக்கும் இடையிலான மின் எதிர்ப்பு (impedance) 5 கிலோ ஓமுக்குக் கீழே வந்த பிறகே விளக்கை அணைக்கிறவராக அவர் இருக்க வேண்டும்.

அப்புறம் ஸ்கோரிங், அதாவது பதிவைப் பக்கம் பக்கமாகப் பார்த்துத் தூக்க நிலையையும் மூச்சுத் தடையையும் குறிப்பது. 8 மணி நேரப் பதிவென்றால் 30 விநாடிக்கு ஒரு பக்கம் வீதம் 960 பக்கம். சாஃப்ட்வேர் கொடுக்கும் எண்ணை மட்டும் நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். மூச்சு 10 விநாடி நின்றதா, மூச்சை அளக்கும் மூக்குக் குழாய் நழுவியதா என்று மூலப்பதிவில் நீங்களே பார்த்தாக வேண்டும். மூச்சு தடைபடுவது மணிக்கு 14 தடவை என்றால் லேசான பாதிப்பு, 15 என்றால் நடுத்தரம். ஒரு நழுவிய குழாய் ஒருவரை அந்தக் கோட்டைத் தாண்ட வைத்துவிடும். அதனால் டெக்னீஷியனும் நீங்களும் ஒரே பதிவில் 200 பக்கங்களைத் தனித்தனியாக ஸ்கோர் செய்து ஒப்பிட்டு, எங்கே வேறுபட்டீர்கள் என்று எழுதி வையுங்கள். ஒரு வருடம் இப்படிச் சேர்ந்த நோட்டோடு அங்கீகாரத்துக்கு விண்ணப்பியுங்கள். இப்போதைக்கு, மெஷினுக்கு ஆர்டர் கொடுக்கும் முன் அந்த டெக்னீஷியனைத் தேடிப் பிடியுங்கள்.