முதலில் பிடிக்காமல் போய், பிறகு உங்களை விடாமல் பிடித்துக்கொண்ட ராக் ஆல்பம் எது?

எனக்கு அது 'தி ஷாக்ஸ்' என்ற அக்கா தங்கைகளின் முதல் ஆல்பமான 'ஃபிலாசஃபி ஆஃப் தி வேர்ல்டு'. 1969இல் வந்தது. முதல் தடவை அரை நிமிடத்துக்கு மேல் என்னால் கேட்க முடியவில்லை. கிட்டார் சுருதி சேரவில்லை. டிரம்ஸ் பக்கத்து வீட்டில் வேறு பாட்டுக்கு வாசிப்பதுபோல் கேட்டது. யாரோ விளையாட்டுக்குச் செய்திருக்கிறார்கள் என்று நினைத்து மூடிவிட்டேன்.

அவர்கள் விளையாடவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் ஃப்ரீமாண்ட் என்ற சிற்றூர். அப்பா ஆஸ்டின் விக்கின் பஞ்சாலைத் தொழிலாளி. அவர் சின்ன வயதில் இருந்தபோது அவருடைய அம்மா கைரேகை பார்த்து மூன்று விஷயம் சொன்னாராம்: செம்பட்டை முடிக்காரியைக் கட்டுவாய், நான் போன பிறகு உனக்கு இரண்டு பையன்கள் பிறப்பார்கள், உன் பெண்கள் பேர்பெற்ற இசைக்குழு நடத்துவார்கள். முதல் இரண்டும் பலித்துவிட்டன. மூன்றாவதைத் தானே பலிக்கவைக்கக் கிளம்பிவிட்டார். பெண்களைப் பள்ளியிலிருந்து நிறுத்தி, தபால் வழியில் படிக்கவைத்து, கிட்டாரும் டிரம்ஸும் வாங்கிக் கொடுத்து, தினமும் பல மணி நேரம் சாதகம். டாட், பெட்டி, ஹெலன் மூவரில் யாரும் இதைக் கேட்டு வாங்கவில்லை. 1969 மார்ச்சில் மாசசூசெட்ஸ், ரெவியரில் உள்ள ஃப்ளீட்வுட் ஸ்டுடியோவுக்கு அழைத்துப்போய்ப் பதிவுசெய்துவிட்டார்.

நான் கொஞ்சம் கிட்டார் வாசிப்பேன். ஒருநாள் காணாமல்போன பூனையைத் தேடும் அவர்களுடைய பாட்டோடு சேர்ந்து வாசித்துப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். முடியவில்லை. ஒரு வாரம் முயன்ற பிறகுதான் பிடிபட்டது: அங்கே கிட்டார் தாளத்தைப் பின்தொடரவே இல்லை, பேச்சைப் பின்தொடர்கிறது. டாட் ஒரு அசையைச் சொன்னால் கிட்டாரில் ஒரு ஸ்வரம். வரி நீண்டால் இசையும் நீளும், வரி குறைந்தால் குறையும். கச்சேரியில் வயலின் பாடகரின் நிழல்போலப் போகுமே, அப்படி. ராக் பாட்டு இத்தனை அடி, இத்தனை எண்ணிக்கை என்ற சட்டத்தை இவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அதனால் பாடுகிறவளின் மூச்சுதான் கணக்கு. ஹெலனின் டிரம்ஸ் மட்டும் தன் நடையில் போகும். அதுவும் அலட்சியத்தால் அல்ல. அவ்வளவு உறுதியாக அடிக்கிறார்.

இதைத் தெரிந்துகொண்டு கேட்டால் டாட் எழுதிய வரிகள் உள்ளே இறங்கும். பெற்றோர் யார் என்று கேட்டு, நமக்காக எப்போதும் இருப்பவர்கள் அவர்களே என்று பதில் சொல்லும் ஒரு பாட்டு இருக்கிறது. அந்த வீட்டுக் கதையைப் படித்த பிறகு என்னால் அதை முழுதாகக் கேட்க முடிவதில்லை, தொண்டை அடைக்கும். அவர் அதை வேண்டா வெறுப்பாக எழுதவில்லை. மனதார எழுதியிருக்கிறார் என்பது குரலில் தெரிகிறது.

1,000 பிரதிகள் அச்சிட்டதில் 900 கைக்கே வரவில்லை என்று சொல்வார்கள். 1975இல் அப்பா இறந்ததும் பெண்கள் இசைக்குழுவைக் கலைத்துவிட்டார்கள். என்ஆர்பிக்யூ இசைக்குழுவினர் முயன்று 1980இல் ஆல்பத்தை மறுபடி வெளிக்கொணர்ந்தார்கள். நிர்வாணாவின் கர்ட் கோபேன் தனக்குப் பிடித்த 50 ஆல்பங்களின் பட்டியலில் இதை ஐந்தாவதாக எழுதிவைத்திருந்தார். ஹெலன் 2006இல் காலமானார். டாட் 2013இல் தனியாக ஒரு ஆல்பம் போட்டார்.

'உலகிலேயே மோசமான ஆல்பம்' என்று சிரிப்பதற்காகவே இதைப் பகிர்கிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். ஊர் டவுன் ஹாலில் சனிக்கிழமை இரவுகளில் வாசித்தபோது நேரிலேயே கேலியைத் தாங்கியவர்கள் அந்தப் பெண்கள். அடுத்த வாரமும் போய் வாசித்தார்கள்.

கேட்க நினைப்பவர்கள் பூனைப் பாட்டிலிருந்து தொடங்குங்கள். ஹெட்ஃபோனில், தனியாக. முதல் தடவை குரலையும் கிட்டாரையும் மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள், டிரம்ஸை விட்டுவிடுங்கள். இரண்டாம் தடவை டிரம்ஸை மட்டும் கேளுங்கள். மூன்றாம் தடவை எல்லாவற்றையும் சேர்த்து.