வயதான குதிரைக்குப் பனிக்காலத்தில் சவாரிக்கு முன் வெப்பப் போர்வை போடுவதால் பலன் உண்டா, வீண் செலவா?

இந்தக் கேள்வியைப் பார்த்ததும் சும்மா கடந்து போக முடியவில்லை. இரண்டு வருடமாக எங்கள் வீட்டில் நடக்கும் சண்டையே இதுதான். 400 டாலருக்கு மேல் கொடுத்துக் குதிரைக்குப் போர்வை வாங்கிய ஆள் நான். "எனக்கு ஒரு நல்ல வின்டர் கோட் வாங்கித் தர இத்தனை யோசிச்சீங்களே" என்று மனைவி இன்றைக்கும் கேட்கிறாள்.

கேட்டவர் தன்னைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. குளிர் தேசத்தில் இருப்பவர், பெரும்பாலும் பிள்ளை ஆசைப்பட்டு வாங்கிய குதிரையைப் பிள்ளை படிக்கப் போனபின் பார்த்துக்கொள்பவர் என்று நானாக வைத்துக்கொள்கிறேன். ஏனென்றால் என் கதை அதுதான். மகள் ஹாலிஃபாக்ஸ் போய்விட்டாள். டொராண்டோவுக்கு வடக்கே ஒரு லாயத்தில் மாதவாடகை கட்டிக்கொண்டு அவளுடைய குதிரையோடு நான் நிற்கிறேன். செம்பழுப்பு நிறம், குவார்ட்டர் ஹார்ஸ் இனம், வயது 23. காகிதத்தில் பெயர் ஜிஞ்சர், வீட்டில் இஞ்சி.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் கால்நடை மருத்துவன் இல்லை. ஐம்பது வயதுக்கு மேல் குதிரை ஏறக் கற்றுக்கொண்ட கணக்கர். "23 வயதுக் குதிரை மேல் ஏறி உட்கார வெட்கமாக இல்லையா" என்று கேட்கக் கை பரபரப்பவர்களுக்கு: எங்கள் மருத்துவர் சொன்னதே "நிறுத்தாதே, நிறுத்தினால் இறுகிவிடும்" என்பதுதான். வாரம் மூன்று நாள், பெரும்பாலும் நடை, கொஞ்சம் பெருநடை. பாய்ச்சலெல்லாம் எப்போதோ முடிந்துவிட்டது.

இஞ்சியின் பிரச்சினை பின்னங்காலின் நடு மூட்டு. இங்கே ஹாக் என்பார்கள். அதன் கீழடுக்கில் உள்ள சிறு மூட்டுகளில் தேய்மானம். கோடையில் தெரியாது. டிசம்பர் பிறந்து மைனஸ் பத்தைத் தொட்டதும் காலையில் கட்டுத்தறியை விட்டு வெளியே வரும்போது முதல் இருபது அடியைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கும். பின்குளம்பின் நுனி தரையில் உரசும். கான்கிரீட்டில் அந்த 'சர்க்' சத்தம் கேட்டாலே அன்றைக்கு எப்படி இருக்கப்போகிறது என்று தெரிந்துவிடும்.

இங்கே ஒரு வயிற்றெரிச்சலைச் சொல்லியே ஆக வேண்டும், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். இஞ்சிக்கு எக்ஸ்ரே வேண்டும் என்று போன் பண்ணியதும் மூன்றாம் நாள் மருத்துவரே பெட்டி மாதிரி ஒரு கருவியோடு லாயத்துக்கு வந்து, நின்ற இடத்திலேயே படம் எடுத்து, மடிக்கணினியில் காட்டிவிட்டுப் போனார். அதே வருடம் என் வலது முழங்காலுக்கு எம்.ஆர்.ஐ. எடுக்க ஏழு மாதம் காத்திருந்தேன். ஏழு மாதம்! தேதி கேட்டுப் போன் பண்ணினால் பாட்டுப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். குதிரைக்குக் கைக்காசு, எனக்கு அரசாங்க இலவச மருத்துவத்தின் ஹெல்த் கார்டு, அதனால்தான் என்று விளக்க வராதீர்கள், எனக்கும் தெரியும். ஆனாலும் வலிக்கிற காலோடு லாயத்தில் நின்றுகொண்டு குதிரையின் எக்ஸ்ரேயைப் பார்த்தவனுக்குத்தான் அது புரியும்.

சரி, போர்வைக்கு வருகிறேன். பலர் இதை மின்சாரப் போர்வை என்று நினைத்துக்கொள்கிறார்கள். இல்லை. வயர் கிடையாது, பேட்டரி கிடையாது. நூலிலேயே செராமிக் பொடியைக் கலந்து நெய்திருப்பார்கள். குதிரையின் உடல் விடும் வெப்பத்தை வாங்கி அகச்சிவப்புக் கதிராகத் திருப்பி அனுப்பும், தசையில் ரத்த ஓட்டம் கூடும் என்பது விற்பவர்கள் சொல்வது. ஸ்வீடன்காரர்களின் பேக் ஆன் ட்ராக்தான் இதில் எல்லாருக்கும் தெரிந்த பெயர், வேறு கம்பெனிகளும் உண்டு. குதிரையின் உடல் வெப்பம் சாதாரணமாகவே 37.5 முதல் 38.5 டிகிரி. அத்தனை பெரிய உடம்பு, உள்ளே உலர்புல் நொதித்து விடிய விடியச் சூடு கிளம்பிக்கொண்டே இருக்கும். அந்தச் சூட்டைச் சாதாரணக் கம்பளிகூடத்தான் பிடித்து வைக்கும் என்பார்கள். ஓரளவு நியாயமான பேச்சு.

நான் என் திருப்திக்கு ஒரு வாரம் சாதாரண ஃப்ளீஸ் துணிப் போர்வை, மறு வாரம் செராமிக் என்று மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். இதை ஆராய்ச்சி என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். செராமிக் போட்ட நாட்களில் முதுகுத் தசை கைக்கு இளக்கமாக இருந்தது, சேணத்தின் வாரை இறுக்கும்போது காதைப் பின்னால் மடக்கி முறைப்பது குறைந்தது. கால் மூட்டுக்கு? போர்வை முதுகிலும் பிட்டத்திலும்தானே கிடக்கிறது, ஹாக் வெளியேதான் இருக்கிறது. அதற்குத் தனியாக உறை விற்கிறார்கள், அதுவும் வாங்கினேன் (மனைவிக்குத் தெரியாது). இன்னொன்றும் ஒப்புக்கொள்கிறேன். போர்வை போட்டு அரை மணி நேரமாவது ஆக வேண்டும் என்பதால் நான் முன்கூட்டியே போக ஆரம்பித்தேன். அந்த நேரத்தில் தேய்த்துவிடுவேன், காலைத் தூக்கிக் குளம்புக்குள் கட்டியாக உறைந்த பனியைச் சுரண்டுவேன், கையில் பிடித்து நடத்துவேன். முன்பெல்லாம் வந்த வேகத்தில் சேணத்தைப் போட்டு ஏறிவிடுவேன். பலனில் பாதி போர்வைக்கு, பாதி அந்த அரை மணிக்கு என்பதுதான் என் கணக்கு.

இனி நான் செய்த தப்பு. முதல் குளிர்காலத்தில் ஒரு நாள் முதுகு ரொம்ப இறுகியிருக்கிறதே என்று தசைவலித் தைலத்தை நன்றாகத் தேய்த்து, அதன் மேலேயே போர்வையைப் போட்டேன். நம் ஊர்ப் புத்தி. தலைவலி என்றால் அமிர்தாஞ்சன் தடவி இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்து வளர்ந்தவன்தானே. முக்கால் மணி கழித்து வந்து பார்த்தால் இஞ்சி இடுப்பைச் சுவரில் தேய்த்துக்கொண்டிருக்கிறான். போர்வையை எடுத்தேன். உள்ளங்கை அகலத்துக்கு ரோமம் நனைந்து படிந்து, கீழே தோல் அடுப்பு மாதிரி கொதிக்கிறது, கைவிரல் பட்டதும் உடம்பே துடித்தது. கழுவிக் கழுவிப் பார்த்தும் மறுநாள் தோல் உரிந்தது. இரண்டு வாரம் சேணம் கிடையாது. தைலம், களிம்பு பூசிய உடம்பில் போடாதே என்று போர்வையோடு வந்த தாளில் அச்சடித்தே இருந்தது. படிக்காதது நான். அந்த இடத்தில் இப்போது வெள்ளை மயிர் முளைத்திருக்கிறது. மகள் லீவுக்கு வந்தபோது முதலில் அதைத்தான் பார்த்தாள். "அப்பா, இது என்ன?" என்றாள். நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

ஆகவே உடம்பு சுத்தமாகவும் காய்ந்தும் இருந்தால்தான் போர்வை. முதல் இரண்டு மூன்று நாள் நாலு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், பழகட்டும். உள்ளே கைவிட்டுத் தோளுக்குப் பின்னால் தொட்டுப் பாருங்கள், வியர்வை பிசுபிசுத்தால் எடுத்துவிடுங்கள். வயதான குதிரைகளுக்கு குஷிங் என்ற ஹார்மோன் நோய் வருவதுண்டு, ரோமம் நீளமாகச் சுருண்டு உதிராமலே கிடக்கும். அப்படி இருந்தால் சட்டென்று வியர்த்துவிடும், மருத்துவரைக் கேட்காமல் போடாதீர்கள். போர்வையை எடுத்துச் சேணம் போட்டதும் இடுப்புக்கு மேல் ஒரு ஃப்ளீஸ் விரித்து, கால் மணியாவது நடை மட்டும். கடிவாளத்தில் குதிரையின் வாய்க்குள் போகும் இரும்பை நான் கோட்டுக்குள் அக்குளில் வைத்துச் சூடாக்கிக்கொள்வேன். லாயத்துச் சின்னப் பிள்ளைகள் சிரிக்கும், சிரிக்கட்டும். மைனஸ் பதினைந்துக்குக் கீழே போனால் நான் ஏறுவதே இல்லை, கயிற்றைப் பிடித்துக்கொண்டு இரண்டு கிழடுகளும் நடப்போம்.

குதிரை ஏற்கெனவே நொண்டுகிறது என்றால் போர்வைக் கடைக்குப் போகாதீர்கள், முதலில் எக்ஸ்ரே. மூன்றே நாளில் வந்துவிடுவார்கள்.

வாங்குவதென்றால் அளவு பார்த்து வாங்குங்கள். நெஞ்சின் நடுவிலிருந்து பக்கவாட்டில் டேப்பை ஓட்டிப் பிட்டத்தின் முடிவு வரை எடுக்க வேண்டும். நான் குத்துமதிப்பாக 75 அங்குலம் வாங்கிவிட்டேன், இஞ்சிக்கு 78 வேண்டியிருந்தது. ஒரு தடவை போட்டுப் பார்த்ததில் ரோமம் ஒட்டிவிட்டது என்று கடையில் திருப்பி எடுக்கவில்லை. அந்த 75 இப்போது வீட்டில்தான் இருக்கிறது. ராத்திரி டிவி பார்க்கும்போது முழங்கால் மேல் போட்டுக்கொள்கிறேன். மனைவி அந்த சோபாவில் உட்காருவதில்லை.